மேடை கட்ட ஆளில்லை

தங்கள் குஞ்சுகள் குருவிப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கியதும் புளியமரத்துக் காகங்களுக்குப் பொறுக்கவில்லை. அக்கரையிலிருந்து பிழைக்க வந்த தூக்கணாங்குருவிகளைக் கண்டித்துப் பொதுக்கூட்டம் போட முடிவெடுத்தன. இப்போதெல்லாம் அந்த மரத்தில் கூடு பின்னுவதும் குப்பை அள்ளுவதும் குருவிகள்தான்.

தலைவர் காகம் ஒரு குருவியைக் கூப்பிட்டது.

"தம்பி, வெள்ளிக்கிழமைக்கு ஒரு மேடை வேணும். வெயில் படாம பந்தலும் போட்டுடு."

"எதுக்குங்கய்யா?"

"உங்களை விரட்டத்தான்."

"கட்டிடலாங்கய்யா. ஆனா ஊர்ல திருவிழா. நாளைக்கே எல்லாரும் கிளம்புறோம்."

தலைவர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தது. எல்லாம் வேறெங்கோ பார்த்தன. சுள்ளிகளைச் சேர்த்துக் கட்டக்கூட ஒரு காகத்துக்கும் தெரியாது.

"சரி, போயிட்டு வாங்க. கூட்டத்தைத் தள்ளி வச்சுக்கிறோம்" என்ற தலைவர், குரலைத் தாழ்த்திக் கேட்டது: "கண்டிப்பாத் திரும்பி வந்துடுவீங்கல்ல?"