பன்னிரண்டாம் நம்பர் டாங்கி

"பன்னெண்டு டாங்கியில பதினொண்ணு மாசாமாசம் படுத்துக்குது. பன்னெண்டாம் நம்பர் மட்டும் எட்டு வருஷமா ஒரு தும்மல்கூட போடலையே, எப்படி?" என்றாள் ராணுவப் பணிமனைக்குப் புதிதாக வந்த திட்ட அதிகாரி.

அடுத்த இருபது வருடத்துக்கான பராமரிப்புத் திட்டத்தை அவள்தான் எழுத வேண்டும். காலையில் வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டதோடு சரி. பிறகு பழுதுப் பதிவேட்டை விட்டுத் தலை நிமிரவில்லை.

தலைமை மெக்கானிக் இழுத்தார். "அது... நல்ல வண்டி மேடம்."

"வண்டி என்ன வண்டி, பாத்துக்கிட்ட கை அப்படி! எல்லாத்தையும் அதே மாதிரி பாத்துக்கிட்டா உதிரி பாகம் பாதி போதும். அப்படியே எழுதிடறேன்."

மெக்கானிக் பதறிப்போனார். "ஐயோ, எழுதிடாதீங்க மேடம்! எல்லாத்தையும் அப்படிப் பாத்துக்க முடியாது."

"ஏன்? அதுக்கு மட்டும் என்ன தனி கவனிப்பு?"

"வருஷத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் அடிப்போம், அவ்வளவுதான். உதிரி பாகம் வராததால, மேலிடத்துக்குச் சொல்லாம அதோட இஞ்சினைக் கழட்டித்தான் ஏழாம் நம்பரை ஓட்டிட்டிருக்கோம். காலையில வாசல்ல அது மேல சாஞ்சுக்கிட்டுத்தானே மேடம் போட்டோ எடுத்தீங்க?"