மெட்டில்லாத அழுகை

என் கணவரின் உடலருகே அவருடைய அக்கா, என் மதினி, காலையிலிருந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். வர முடியாத எங்கள் மகன் கபிலன் வெளிநாட்டிலிருந்து என் கைப்பேசி வழியே நேரலையில் பார்த்தான்.

“கிடார் சத்தந்தாம்மா கேக்குது. அத்தை வாய் மட்டும் அசையுது. அப்பாவுக்கு யாருமே அழலையா?”

அந்த ஒப்பாரி மெட்டுக்கு யாரோ உரிமை வாங்கியிருந்தார்கள். நேரலைச் செயலி மதினியின் குரலை நீக்கி, அனுமதி பெற்ற சோக இசையைச் சேர்த்திருந்தது.

“மதினி, ராகம் இல்லாம அழுங்க. புள்ள கேக்கணும்.”

“எனக்கு அப்படி வராதே தமயந்தி. நீதான் அழேன்.”

அவள் நிறுத்தியதும் கிடாரும் நின்றது. மூன்று வருடம் அவரைப் படுக்கையில் பார்த்துக்கொண்டதில் என் அழுகை எப்போதோ தீர்ந்திருந்தது. கைப்பேசியை முகத்தருகே வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

“அழுறியாம்மா?”

“ஆமாப்பா” என்றேன்.