முதல் பெஞ்சு

"கையை எடுங்கக்கா! தூக்கி ஓரமா வைக்கிறதுக்கு நான் என்ன பையா?"

ரஸ்தினி பெஞ்சை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இந்தோனேசியாவில் பிரெபெஸ் ஊர்ப் பக்கத்து வெங்காய வயல்களுக்கு நடுவே ஓர் அரசுப் பள்ளி. ஆண்டு விடுமுறை முடிந்து திறக்கிற திங்கட்கிழமை. வைகறைத் தொழுகை முடிந்த கையோடு வாட்ச்மேன் பாக் சகூர் கேட்டைத் திறந்தார். அவ்வளவுதான், ஒன்றாம் வகுப்பை நோக்கிப் பிள்ளைகளின் அம்மாக்கள் தலைதெறிக்க ஓடினார்கள். ஒருத்தி செருப்பை உதறிவிட்டு ஓடினாள். ஒருத்தி ஜன்னல் ஏறிக் குதித்தாள். இன்றைக்குப் பிடிக்கிற இடம்தான் வருஷம் முழுக்க. முன்னால் உட்கார்ந்தால் பிள்ளை படிக்கும், பின்னால் உட்கார்ந்தால் வெங்காயம் அறுக்கும். ஊர் போட்டு வைத்த கணக்கு அப்படி.

ஓட்டத்தில் முந்தியவள் ரஸ்தினி. நடுவரிசை முதல் பெஞ்சில் பாதி அவளுக்கு. மறுபாதியில் மகன் ரஃபாவின் பையை வைத்த நூர்லேலா, வெங்காய மண்டிக்காரி, இந்தப் பாதியையும் கேட்டு நின்றாள். அவள் தங்கை மகளும் இந்த வருஷம்தான் சேர்கிறாள்.

"உன்னை இந்தப் பக்கம் பார்த்ததே இல்லையே. எந்த ஊர்ம்மா நீ?"

"போன வாரம்தான் குடி வந்தேன்."

"வந்த வாரமே முதல் பெஞ்சா! பிள்ளை எங்கே?"

"வரும்."

"பையனா, பொண்ணா?"

ரஸ்தினி ஒரு கணம் விழித்தாள். "எதுவா இருந்தா என்னக்கா? பெஞ்சு தாங்காதா?"

ஜன்னலோரம் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நூர்லேலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாக் சகூர்! இவளைக் கொஞ்சம் கிளப்புங்க. பிள்ளையும் இல்ல, பையும் இல்ல, சும்மா குந்தியிருக்கா."

பாக் சகூர் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "முதல்ல உட்கார்ந்தவங்களுக்கு முதல் பெஞ்சு. மணி அடிக்கிற வரைக்கும் யாரும் யாரையும் எழுப்பக்கூடாது. டீச்சரே வந்தாலும் மாத்த முடியாதுன்னு ஹெட்மாஸ்டர் மைக்கிலேயே சொல்லியிருக்கார்."

"மணி அடிச்ச பிறகு?"

"பிள்ளை வரலைன்னா இடம் போச்சு."

"அப்போ நான் இங்கேயே நிக்கறேன்" என்று நூர்லேலா இடுப்பில் கை வைத்தாள்.

"நில்லுங்க. காலு உங்களோடது" என்றாள் ரஸ்தினி.

ஆறு வயதுக்காரர்களுக்கு அடித்த பெஞ்சு. முழங்கால் மோவாயில் இடித்தது. ஆனாலும் அசையவில்லை. அவள் அம்மா விடியும் முன்னே வயலுக்கு ஓடியவள். இடம் பிடிக்க ஆளில்லாமல் ஆறு வருஷம் கடைசி பெஞ்சில் கிடந்தாள் ரஸ்தினி. டீச்சரின் முகத்தை விட முன்னால் இருந்தவர்களின் முதுகை அதிகம் பார்த்தவள். அந்த முதுகு ஒவ்வொன்றும் இன்னும் நினைவிருக்கிறது.

ஆறரைக்குப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். வகுப்பு சந்தையானது. சிவப்புப் பாவாடை, சிவப்பு டிரவுசர், கஞ்சி மொடமொடக்கிற வெள்ளைச் சட்டை. ஒருவன் புது கிரேயானை மோந்து பார்த்தான். ஒருத்தி தொப்பியைக் கழற்ற மறுத்து அழுதாள். ரஃபா வந்து ரஸ்தினியின் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆன்ட்டி, நீங்களும் ஒண்ணாங் கிளாஸா?" என்றான்.

"ஆமாண்டா. உன்னை மாதிரியே இன்னைக்குத்தான் முதல் நாள்."

"பயமா இருக்கா?"

"கொஞ்சம்."

ஏழடிக்க ஐந்து நிமிஷம். எல்லா இடமும் நிறைந்துவிட்டது, ஓடு உடைந்து ஒழுகுகிற மூலையில் ஒரே ஓர் இடம் தவிர.

"பிள்ளை இன்னும் தூங்குதோ?" நூர்லேலா தங்கை மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள். "மரியாதையா எழுந்துடு. மணி அடிச்சா தானா எழணும்."

ரஸ்தினி வாசலையே பார்த்தாள். பாக் சகூர் மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டார்.

அப்போதுதான் ஒரு சிறுமி மூச்சு வாங்க ஓடி வந்தாள். தனியாக. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. தலை ஈரம். கையில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. வகுப்பை ஒருமுறை பார்த்தாள். யாரும் சொல்லாமலே நேராக அந்த ஒழுகும் மூலைக்கு நடந்தாள்.

"ஏய்! அங்கே எங்கே போறே?" ரஸ்தினி துள்ளி எழுந்தாள். "இங்கே வா! உன் இடம் இதுதான்!"

சிறுமி திரும்பிப் பார்த்தாள், தன்னைத்தானா என்று. ரஸ்தினி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். ரஃபா தானாகவே ஓரத்துக்கு நகர்ந்து இடம்விட்டான். சிறுமி உட்கார்ந்ததும் மணி அடித்தது.

"சே! ஒரு நிமிஷத்துல போச்சு!" நூர்லேலா காலைத் தரையில் உதைத்தாள். "பெத்தவளைப் பாருங்கடி. பெஞ்சுக்கு இவ்வளவு சண்டை போட்டா, பிள்ளைக்குத் தலையைத் துவட்டிவிட நேரமில்ல!"

ரஸ்தினி அதைக் காதில் வாங்கவில்லை. மண்டியிட்டு, மாறிப் போயிருந்த பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டு, சிறுமியின் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"உன் பேர் என்னடா கண்ணு?"

பெத்தவளே பேர் கேட்கிறாளா என்று ஜன்னலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரஸ்தினி குளிருக்குப் போட்டிருந்த மேல்கோட்டைக் கழற்றி மேஜைமேல் போட்டாள், சாக்பீஸை எடுத்தாள், கரும்பலகையில் 'உங்கள் டீச்சர்' என்று எழுதி அதன் கீழே தன் பெயரை எழுதினாள்.