காலிப் படுக்கை

இரவு ரயில்களில் படுக்கைப் பெட்டி விடுவதையே நிறுத்தியபோது, அதில் விரிப்பு விரிக்கும் வேலை பார்த்தவர் ஒரு பெட்டியை வாங்கி வீடாக்கிக்கொண்டார். அடியில் தண்டவாளம் கிடையாது. சக்கரங்களில் பூசணிக்கொடி சுற்றியிருந்தது. பழக்கதோஷம், தினமும் காலிப் படுக்கைகளுக்கும் விரிப்பு போடுவார்.

"எந்த மகாராஜா வரப்போறாரு?" என்பாள் மனைவி.

ஒருநாள் காலை மேல் படுக்கையில் குறட்டை கேட்டது. தொலைதூரத்தில் வாழ்க்கைப்பட்டு, வருஷக்கணக்காக வராத தங்கை!

"எப்படிம்மா வந்தே?"

"எங்க ஊரு ஸ்டேஷன்ல இந்தப் பெட்டி நின்னுச்சுண்ணே. விரிப்பு போட்டிருந்துச்சு, ஏறிப் படுத்துட்டேன்."

அண்ணியும் நாத்தனாரும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். அவர் இறங்கிச் சக்கரத்தைத் தொட்டார். சுட்டது. கொடியில் ஓர் இலைகூட நசுங்கவில்லை.

அன்று மாலை மனைவியே வெளுத்த விரிப்போடு வந்தாள்.

"இதைக் கீழ்ப் படுக்கையில போடுங்க. எங்கம்மாவால மேல ஏற முடியாது."