பதினான்கு ஸ்தலமும் ஒரு ஜோடிச் செருப்பும்

"ஏங்க, சிலுவை அங்கன நிக்கி. நீங்க எங்க பாக்கிய?"

இஞ்ஞாசியம்மாள் விலாவில் இடித்த பிறகுதான் தொம்மை கழுத்தைத் திருப்பினார்.

"சிலுவையத்தான் பாக்கேன்."

"வாசல்லயா சிலுவை இருக்கு? நம்ம பிள்ளைக்காவ நேந்துக்கிட்டு வந்திருக்கிய. மனச ஒரு இடத்துல நிறுத்துங்க."

தவக்காலத்தின் முதல் வெள்ளி. வள்ளியூர்க் கோயிலில் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. ஆண்டவர் பட்ட பாடுகளைக் காட்டும் பதினான்கு படங்கள், பதினான்கு ஸ்தலங்கள், சுவரைச் சுற்றி இருந்தன. சாமியார் சுவரோரமாக ஒவ்வொரு ஸ்தலத்திலும் நின்று செபம் சொல்ல, சனம் அந்தந்தப் பக்கமாகத் திரும்பி முழந்தாளிட்டது. தொம்மை மட்டும் எந்தப் பக்கம் திரும்பினாலும் வாசலுக்கே வந்து சேர்ந்தார்.

அவருக்குப் பக்தி இல்லாமல் இல்லை. மகள் ஸ்டெஃபிக்கு இரண்டு முறை கரு கலைந்து, இப்போது எட்டாம் மாதம். கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொன்ன அன்றிலிருந்து அவருக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. முந்தாநாள் திருநீற்றுப் புதனன்று பீடத்தின் முன்னால் விழுந்து, ஈஸ்டர் வரைக்கும் என்று ஒரு நேர்ச்சையும் சொல்லியிருந்தார்.

வினை ஒரு செருப்பு ரூபத்தில் வந்தது. மருமகன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பழுப்புத் தோல் செருப்பு, பக்கத்தில் பித்தளைக் கொக்கி வைத்தது. அதற்கு முந்தின ஜோடியை இதே கோயில் வாசலில்தான், புத்தாண்டுப் பூசையன்று, யாரோ ஒரு புண்ணியவான் மாட்டிக்கொண்டு போயிருந்தான். இன்று முதல் ஸ்தலத்தில் முழந்தாளிட்டு எழும்போது தொம்மை தற்செயலாகத் திரும்பினார். படியோரத்தில், வழக்கமான இடத்தில், கொக்கி மினுங்கியது. அவ்வளவுதான். மனசு எழுந்துபோய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

'ஆண்டவரே, என் மகளை...' என்று தொடங்குவார். யாரோ படியிறங்கும் சத்தம் கேட்கும். 'ஒரு நிமிசம், ஆண்டவரே' என்று திரும்பிவிடுவார்.

நாலாம் ஸ்தலத்தில், தாயும் மகனும் சந்திக்கும் இடத்தில், காலுக்குத் தலையணை வைத்துப் படுத்திருக்கும் ஸ்டெஃபி ஞாபகத்துக்கு வந்தாள். தொம்மைக்குக் கண் நிறைந்துவிட்டது. உண்மையாகவே அழுதார். துண்டால் கண்ணைத் துடைத்த கையோடு செருப்பையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

ஏழாம் ஸ்தலம் வாசலை ஒட்டிய சுவரில் இருந்தது. கோயில் மொத்தமும் வாசல் பக்கம் திரும்பியது. அந்த ஒரு ஸ்தலத்தில் மட்டும் தொம்மை சபையோடு ஒன்றாக இருந்தார்.

"இப்பதான் ஒழுங்கா நிக்கிய," என்று இஞ்ஞாசியம்மாளே மெச்சினாள். "ஆமா, ஏன் நொண்டுதிய?"

"வார வழியில ஒரு உடைமுள்ளு ஏறிட்டு."

"பொறுத்துக்கிடுங்க. வீட்டுல போய் எடுத்துக்கிடலாம்."

பத்தாம் ஸ்தலம். ஆண்டவருடைய உடைகளைக் களைகிறார்கள். சேவகர்கள் அங்கிக்குச் சீட்டுப் போட்டதைச் சாமியார் உருக்கமாக வாசித்தார். அவர் செருப்பை எவன் கொண்டுபோனான் என்று யாருமே எழுதிவைக்கவில்லையே என்று தொம்மைக்குத் தோன்றியது. தோன்றிய வெட்கத்தில் அவசரமாக ஒரு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

பதினான்காம் ஸ்தலம். ஆண்டவரைக் கல்லறையில் வைத்தாயிற்று. கோயிலே மூச்சுக்காட்டாமல் இருந்தது. பாத்திரக்கடை மார்ட்டின் பைய எழுந்து வெளியே போனான். படியோரம் நின்றான். பழுப்புச் செருப்பில் வலது காலை நுழைத்தான்.

"ஏலே! கழட்டுலே!"

சாமியார் கையிலிருந்த புத்தகம் தரையில் விழுந்தது. தொம்மை முழந்தாளிட்டிருந்தவர்களைத் தாண்டித் தாண்டி ஓடி, மார்ட்டினின் சட்டையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, கைய எடுங்க. இது என் செருப்பு."

"உன் செருப்பா? எம் மருமவன் மஸ்கட்டுல இருந்து கொண்டாந்ததுலே! கோயில்ல வந்து களவாங்குதியே, ஆண்டவர் பயம் இருக்கா உனக்கு?"

"நாரோயில் கடையில வாங்குனது, அண்ணாச்சி. நம்பலைன்னா உங்க காலை வச்சுப் பாருங்க."

மார்ட்டின் கழற்றிப் போட்டான். தொம்மை வீறாப்பாகக் காலை நுழைத்தார். குதிகால் பாதி வெளியே நின்றது. கோயில் சனம் முழுக்க வாசலில் கூடிவிட்டது.

"அப்ப என் செருப்பு எங்கலே?" என்றார், சுருதி இறங்கி.

மூச்சிரைக்க ஓடிவந்த இஞ்ஞாசியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "வீட்டுல கட்டிலுக்கு அடியில கிடக்கு! பிள்ளை நல்லபடியா பெத்து எழும்பணும், ஈஸ்டர் வரைக்கும் செருப்பே போடாம வெறுங்காலோட நடப்பேன்னு நேந்தது நீங்கதான?"

நெருப்பை மிதித்தவர்போல் தொம்மை காலை வெடுக்கென்று உருவினார். உள்ளங்காலில் அந்த முள் மட்டும் பத்திரமாக இருந்தது.