கல் பிடித்த கை

குரங்கிலிருந்து வந்தவன்தான் மனிதன் என்று சொன்ன வாத்தியாரை ஊர்க்காரர்கள் அடிக்கப் போனார்களாம். அன்றிலிருந்து ஊர் எல்லைப் புளியமரத்துக் குரங்குகளுக்குள்ளும் அதே வழக்கு.

“மனுசங்க நமக்குச் சொந்தம்தான்” என்றது செவலை.

“வாலையே காணோம். அவங்களா சொந்தம்?” என்றது அதன் அக்கா மூளி.

ஒருநாள் செவலையின் குட்டி கரண்டு கம்பியைப் பிடித்து, கருகி விழுந்து செத்தது. செவலை இறங்குவதற்குள் ஊரே கூடிவிட்டது. குட்டியைக் குளிப்பாட்டி, புதுத்துண்டு போர்த்தி, மாலை போட்டுப் பாடை கட்டினார்கள். மேளம் அடித்தார்கள். ஒருவர் மொட்டையே போட்டுக்கொண்டார்.

அத்தனை அழுகைக்கு நடுவிலும் செவலைக்கு ஓர் ஆறுதல். “பாத்தியாக்கா? சொந்தம் இல்லாமலா ஒருத்தன் மொட்டை போடுவான்? நான் போய் என் பிள்ளைகிட்ட உட்காரப் போறேன்.”

“போகாதடி. நேத்து வெடி போட்டு விரட்டுனதும் இவங்கதான்.”

செவலை கேட்கவில்லை. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து, பிள்ளையின் காலைத் தொட்டது. “ஐயோ, குரங்கு!” என்று கூட்டம் சிதறி ஓடியது. மொட்டை போட்டவரே குனிந்து கல்லை எடுத்தார்.

நெற்றியில் ரத்தம் வழிய மரமேறி வந்த தங்கையிடம் மூளி கேட்டது: “இப்பவாவது தெரிஞ்சுதா, அவங்க யாருன்னு?”

செவலை தன் உள்ளங்கையை விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

“தெரிஞ்சுதுக்கா. கல்லைப் பிடிச்சிருந்த கையைக் கிட்டத்துல பாத்தேன். கட்டைவிரல் மடங்குனது, நகம், ரேகை எல்லாம் பாத்தேன். அது நம்ம கையேதான்.”