இடது பக்கப் பெட்டி

“கெட்டுப்போன யூனிட்ட என் தலையில கட்டிட்ட, கோபால்சாமி. உன்ன நம்பினேன் பாரு, என்னச் சொல்லணும்.”

இவ்வளவையும் போனில் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார் சந்தியாகப்பன். கோபால்சாமிக்குப் போளூரில் ரேடியோ ரிப்பேர் கடை. ஜவ்வாது மலையில் மாதா கோயில் தேரோ, மாரியம்மன் திருவிழாவோ, மரத்துக்கு மரம் குழாய் கட்டி மைக் செட் போட்டவர்கள் இந்த இருவரும்தான். அந்தச் சிநேகிதத்தில் இப்படி ஒரு வார்த்தை விழுந்ததில்லை.

கோபால்சாமி கடையைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு கோபம் ஏறியது. ஜமுனாமரத்தூர் வந்து, சந்தியாகப்பன் வீட்டின் பின்பக்கப் பட்டறைக்குள் நேராக நுழைந்தார். நுழைந்தவர் ஒரு கணம் திட்ட மறந்து நின்றுவிட்டார்.

பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஊமத்தம்பூ மாதிரி விரிந்த மரக்குழாய். தாள் மாதிரி மெல்லிய தேக்கு வினியரைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் அழுத்தி ஒட்டியிருந்தார் சந்தியாகப்பன். குழாயின் வளைவில்கூட ஒரு சுருக்கம் இல்லை.

மைக் செட்டை விற்றபின் மழைக்காலம் முழுக்க அவருக்கு இதே வேலைதான். ஊருக்கே அலற விட்டது போதும், இனி வீட்டில் உட்கார்ந்து, இடதும் வலதுமாகப் பிரிந்து வரும் பாட்டை நிதானமாகக் கேட்க வேண்டும் என்று ஆசை. குழாயின் அடியில் பொருத்தி ஒலி எழுப்புகிற யூனிட் இரண்டையும் கொடுத்தவர் கோபால்சாமி.

“இன்னா கொற என் யூனிட்டுல?”

“இடது பக்கத்துது கிட்டப் போனா பேசுது. நாற்காலியில வந்து ஒக்காந்தா ஊமையாய்டுது. பாட்டு மொத்தமும் வலது பொட்டியிலயே வருது. பழச எடுத்து, தொடச்சிக் குட்த்துட்ட நீ.”

“ஒயர மாத்திப் பாத்தியா?”

“பாக்காமயா உனக்குப் போன் போட்டேன்?”

மெர்சிலின் டீ கொண்டுவந்தாள். கணவருக்கு இடப்பக்கம் இருந்த ஸ்டூலில் டம்ளரை வைத்து, “ஆறிடப் போவுது, குடிங்க” என்றாள். அவர் திரும்பவே இல்லை.

“இந்தப் பொட்டிங்க வந்ததுலேர்ந்து இந்த வூட்ல நான் பேசுறது எதுக்கும் பதில் கெடையாதுண்ணா” என்று கோபால்சாமியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

கோபால்சாமி வயலின் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். வயலின் இரண்டு பக்கமும் சமமாக ஒலித்தது. “எனக்கு நல்லாத்தானே கேக்குது?”

“உன் சரக்க நீ வுட்டுக் குடுப்பியா?”

கோபால்சாமி எழுந்தார். ஸ்குரூ டிரைவரை எடுத்து, இரண்டு யூனிட்டையும் கழற்றி, இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் பொருத்தினார். “இப்ப ஒக்காந்து கேளு.”

சந்தியாகப்பன் உட்கார்ந்தார். வயலின் மறுபடி ஆரம்பித்தது. கேட்கக் கேட்க அவர் முகம் தொங்கிப் போனது.

“இப்பவும் இடதுதான் ஊம.”

“அப்ப என் யூனிட்டு மேல தப்பு இல்ல.”

“இல்ல.” எழுந்துகொண்டார். “என் கொழாய் மேலதான் தப்பு. வளைவு எங்கியோ கோணிடுச்சி. பிரிச்சிடறேன்.”

“வினியரு?”

“கிழிஞ்சிதான் வரும்.”

வாசற்படியில் நின்ற மெர்சிலின் உள்ளே ஓடிவந்தாள். “வேணாங்க. எவ்ளோ பாடுபட்டு ஒட்னீங்க! அது பாட்டுக்கு நிக்கட்டும், பாக்கவாவது அழகா இருக்கு.”

“பாக்கறதுக்கா செஞ்சேன்?”

கோபால்சாமியின் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. குழாயின் வழவழப்பைத் தடவிப் பார்த்தார். “அவசரப்படாத சந்தியாகு. நாளைக்குப் பொறுமையாப் பாப்போம்.”

சந்தியாகப்பன் கேட்கவில்லை. பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்சுவர் அலமாரிக்குப் போனார். உளியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

வயலின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பெட்டிகளைப் பார்த்தார். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினார். இன்னொரு தடவை பெட்டிப் பக்கம், இன்னொரு தடவை சுவர்ப் பக்கம்.

“இன்னாடா சுத்திக்கினு இருக்க?”

“இடது பொட்டி பேசுது, கோபாலு. பாட்டு மொத்தமும் அதுலதான் வருது. இப்ப வலது ஊமையாய்டுச்சி.”

“அப்ப எங்கியோ லூஸ் கனெக்சன்தான். இரு” என்று கோபால்சாமி சந்தோஷமாகக் குனிந்து, ஒயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

சந்தியாகப்பன் சுவரைப் பார்த்தபடியே நின்றார். உளியை அதன் இடத்தில் வைத்தார். பிறகு நிதானமாக வந்து, குனிந்திருந்த நண்பரின் தோளைத் தொட்டார்.

“ஒயர வுடு. போளூர்ல நல்ல காது டாக்டரு யாருனா இருக்காங்களா?”